எதில் எத்தனை சதவீதம்? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பின்னத்தைத் தசமமாகவும் சதவீதமாகவும் மாற்றும்போது எங்கே 100-ஆல் பெருக்குவது, எங்கே வகுப்பது என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறாள். மனத்தில் பதியும்படி ஒரு வழி சொல்லுங்கள்.
– வாசகி, வலங்கைமான்

பதில்: பொருள் புரிவதற்கு முன்பே விதியை மனப்பாடம் செய்ய வைப்பதால்தான் இந்தத் தடுமாற்றம் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். பின்னம், தசமம், சதவீதம் ஆகிய மூன்றும் ஒரே அளவை எழுதும் மூன்று முறைகள் மட்டுமே; எழுத்து மாறினாலும் அளவு மாறுவதில்லை என்பதை முதலில் அவள் உணர வேண்டும். 3/8 என்ற பின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொகுதியான 3-ஐப் பகுதியான 8-ஆல் வகுத்தால் 0.375 என்ற தசமம் கிடைக்கிறது. முழுமையை நூறாக வைத்துக்கொண்டால் இந்த அளவு எத்தனை என்று கேட்டால், 100 × 0.375, அதாவது 37.5 சதவீதம். திரும்பி வரும்போது, புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள் இருப்பதால் 375/1000 என்று எழுதி, மேலும் கீழும் 125-ஆல் சுருக்கினால் மீண்டும் 3/8 வந்துவிடும்.

கணக்கைத் தொடங்குவதற்கு முன் விடை எந்த இடத்தில் இருக்கும் என்று மனத்தால் மதிப்பிடும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். எட்டில் நான்கு பாதி. மூன்று என்பது பாதியைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே விடை 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். 3.75 என்றோ 375 என்றோ வந்தால், எங்கோ புள்ளி இடம் மாறிவிட்டது என்பதை அவளே கண்டுகொள்வாள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கால், அரைக்கால், வீசம் ஆகியவற்றைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். கால் என்பது 25 சதவீதம், அதில் பாதியான அரைக்கால் 12.5, அதிலும் பாதியான வீசம் 6.25. 3/8 என்பது அவர்கள் வாயில் காலே அரைக்கால், 25-உம் 12.5-உம் சேர்ந்து 37.5 என்பது காகிதமே இல்லாமல் வந்துவிடுகிறது.

ஓரிடத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 0.5 என்பது பாதி, 0.5 சதவீதம் என்பதோ இருநூறில் ஒன்று. பெரியவர்களும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்தின் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் என் தாத்தாவின் பங்கு “இருமா காணி நன்செய்” என்று எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய கணக்கில் இது எவ்வளவு?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: தஞ்சைப் பகுதியில் நன்செய்க்கு வேலியே முழு அளவு, மற்றவை எல்லாம் அதன் பின்னங்கள். ஒரு வேலிக்கு 20 மா என்பதால் மா 1/20; மாவில் கால் பங்கான காணி 1/80. எனவே இருமா காணி என்பது 2/20 + 1/80, அதாவது 9/80 வேலி. தசமத்தில் 0.1125, ஒரு வேலியில் 11.25 சதவீதம்.

பரப்பாக மாற்ற, ஒரு மாவுக்கு 100 குழி, 12 அடிக் கோலால் அளந்த ஒரு குழிக்கு 144 சதுர அடி என்ற கணக்கை எடுத்துக்கொள்ளலாம். இரண்டேகால் மாவுக்கு 225 குழி, அதாவது 32,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் இது ஏறத்தாழ 74.38 சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கில் எழுதினால் 0 – 30.10 (0 ஹெக்டேர், 30.10 ஏர்) என்ற அளவுக்கு அருகில் வர வேண்டும். மூன்று மா ஓர் ஏக்கர் என்று பேச்சில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் 75 சென்ட் என்று வரும். பேச்சுக்கு அது போதும், பத்திரத்துக்குப் போதாது. கோலின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபட்டிருந்ததால், பத்திரத்தில் கோலின் அளவு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வட மாவட்டங்களில் 57,600 சதுர அடி கொண்ட வேறொரு காணி வழக்கத்தில் இருந்ததால், அந்தப் பக்கத்து உறவினர் சொல்லும் கணக்கை இதனோடு சேர்த்துவிடக் கூடாது.

இந்தப் பழைய அளவுகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு தன்மை உண்டு. கால், அரைக்கால், வீசம், மா, காணி என்று இறங்கி 1/320 ஆகிய முந்திரி வரை, எந்தப் பின்னத்தின் பகுதியைக் காரணிகளாகப் பிரித்தாலும் 2, 5 ஆகிய எண்களைத் தவிர வேறு பகாக் காரணி இராது. சுருக்கிய பின்னத்தின் பகுதியில் இவ்விரு காரணிகள் மட்டுமே இருந்தால் தசமம் முடிவுறும் என்பதால், இவற்றில் எதை மாற்றினாலும் புள்ளிக்குப் பின் சில இலக்கங்களில் மிச்சமின்றி முடிந்துவிடும். முந்திரியே 0.003125, அதாவது 0.3125 சதவீதம்தான்.

கேள்வி: ஓர் ஏக்கரை மூன்று சகோதரர்கள் பிரித்துக்கொள்கிறோம். ஆளுக்கு 33.33 சதவீதம் என்று எழுதினால் மிச்சம் யாருக்கு?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: மூன்று என்ற காரணி வந்துவிட்டதால் இந்தத் தசமம் முடியாது. 33.33 சென்டாக மூன்று பங்கு பிரித்தால் 0.01 சென்ட், அதாவது நான்கரை சதுர அடிக்கும் குறைவான நிலம், யார் பெயரிலும் இல்லாமல் நிற்கும். எழுதும்போது “மூன்றில் ஒரு பங்கு” என்றே எழுதுங்கள். தசமத்துக்குக் கடைசியில் மட்டும் மாறுங்கள்.

கேள்வி: நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் என் நெல்லில் ஈரப்பதம் 20 சதவீதம் என்று சொல்லி, 17 சதவீதத்துக்குக் காயவைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். 3 சதவீதம் குறைய வேண்டுமானால் 40 கிலோ மூட்டைக்கு 1.2 கிலோதானே குறைய வேண்டும்? களத்தில் காயவைத்து அளந்தபோது மூட்டைக்கு ஏறத்தாழ 1.4 கிலோ குறைந்திருக்கிறது. தராசில் தவறு இருக்குமா?
– வாசகர், பாபநாசம்

பதில்: தராசைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, நீங்கள் அளந்தது ஏறக்குறையச் சரியாகவே இருக்கிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அறுவடைக் காலத்தில் பலரும் இதே இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

ஈரப்பதத்தை அந்த நேரத்தில் உள்ள மொத்த எடையில் இத்தனை சதவீதம் என்றே கணக்கிடுகிறார்கள். 40 கிலோ நெல்லில் 20 சதவீத ஈரம் என்றால் 8 கிலோ நீர், 32 கிலோ உலர்பொருள். வெயிலில் போகக்கூடியது நீர் மட்டுமே. உலர்பொருளான 32 கிலோ அப்படியே இருக்கும். காய்ந்த பின் ஈரம் 17 சதவீதமானால், அந்த 32 கிலோ புதிய எடையில் 83 சதவீதமாக இருக்க வேண்டும். எனவே 32-ஐ 0.83-ஆல் வகுக்க, புதிய எடை 38.55 கிலோ. குறைந்தது 1.45 கிலோ.

உங்கள் கணக்கில் 1.2 கிலோ வந்ததற்குக் காரணம், 20-ஐயும் 17-ஐயும் ஒரே எடையின் சதவீதங்களாகக் கருதிக் கழித்ததுதான். முதலாவது 40 கிலோவின் சதவீதம், இரண்டாவது காய்ந்து குறைந்த எடையின் சதவீதம். அடிப்படை வேறான இரண்டு சதவீதங்களை நேராகக் கழித்து அதை எடைக்குப் பயன்படுத்தக் கூடாது. நூறு மூட்டைக்கு இந்த வேறுபாடு ஏறத்தாழ 25 கிலோவாகிறது; காய்ந்த நெல்லை மீண்டும் 40 கிலோவாகக் கட்டினால் 96 மூட்டையும் கொஞ்சமும்தான் தேறும். சாக்கும் வண்டி வாடகையும் பேசுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.

மழை மிகுந்த பருவங்களில் 17 என்ற வரம்பை மத்திய அரசு தளர்த்துவதும் உண்டு. அப்படி 17-இலிருந்து 20-ஆக உயர்த்தினால் “3 சதவீதம் தளர்வு” என்று எழுதுகிறார்கள். அளவில் உயர்ந்தது 3 சதவீதப் புள்ளிகள். பழைய வரம்போடு ஒப்பிட்டால் 3/17, அதாவது 17.6 சதவீத உயர்வு. இரண்டு கூற்றுகளும் உண்மையே, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாது.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குப் பணம் தருகிறேன் என்கிறார். வங்கியில் 9 சதவீதம் என்கிறார்கள். இரண்டு சிறியதுதானே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை அம்மா, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நம் ஊர் வழக்கில் இரண்டு வட்டி என்பது மாதத்துக்குரியது. வங்கி சொல்வது ஆண்டுக்குரியது. 50,000 ரூபாய்க்கு மாதம் 1,000 என்று ஆண்டுக்கு 12,000 ரூபாய், அதாவது 24 சதவீதம். வங்கியில் அதே தொகைக்கு ஓராண்டு வட்டி 4,500 ரூபாய். ரூபாய்க்கு இரண்டு பைசா என்று சொன்னாலும் அது இதே வட்டிதான், 2/100, 0.02, 2 சதவீதம் எல்லாம் ஒன்றே. கட்டாத வட்டியை மாதந்தோறும் அசலோடு சேர்ப்பதாகப் பேசியிருந்தால், ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 13,412 ரூபாய் ஆகி, 24 என்பது 26.8 சதவீதமாகிவிடும். எங்கே வாங்கினாலும், தவணை கட்டக் கட்டக் குறையும் மீதித் தொகைக்கு வட்டியா, முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை வட்டியா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேட்டூரில் 120 அடிக்கு 60 அடி நீர் இருந்தால், அணை 50 சதவீதம் நிறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு குறுவைக்குத் திட்டமிடலாமா?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: கூடாது. 60/120 என்பது உயரத்தில் பாதி மட்டுமே. நீர்த்தேக்கம் மேலே போகப் போக அகன்றுகொண்டே செல்வதால், பாதி உயரத்தில் நிற்கும் நீர் கொள்ளளவில் பாதியைவிட மிகவும் குறைவு. செய்தியில் அடிக்குப் பக்கத்தில் வரும் டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) இருப்பைப் பாருங்கள்; அதை முழுக் கொள்ளளவான 93.47-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வருவதே உண்மையான சதவீதம். முக்கால் பங்கு என்று சொல்ல வேண்டுமானால் இருப்பு 70.1 டி.எம்.சி. இருக்க வேண்டும், 90 அடி என்பதை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது.