அலுமினிய ஜாகுவார்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பர்மிங்காமில் முதுகலை படிக்கிறேன். சென்ற மாதம் பழைய கார்களின் கண்காட்சி ஒன்றில் ஜாகுவார் எக்ஸ்கே 120 திறந்த காரை முதன்முறையாக நேரில் பார்த்தேன். சொக்கிப்போய் நின்றேன். பக்கத்தில் இருந்தவர், "இது எஃகு வண்டிதான், முதலில் வந்த அலுமினிய வண்டிகளில் ஒன்று அல்ல" என்றார். அதைக் கேட்டதும் என் வியப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. ஏறத்தாழ 240 அலுமினிய வண்டிகள் மட்டுமே உண்மையான எக்ஸ்கே 120 என்றும், மற்றவை அவற்றின் நகல்கள் என்றும் கொள்ளலாமா? பெயரில் உள்ள 120 வேகத்தைக் குறிப்பதுதானா? இவ்வளவு விலைமதிப்புள்ள வண்டிகளைச் சாலையில் ஓட்டுவது முறையா? சேகரிப்பைப் பற்றிக் கற்க விரும்பும் என்னைப் போன்றவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

ச.

அன்புள்ள ச.,

அரிய பொருள் என்றாலே உயர்ந்த பொருள் என்று நம் காலம் நம்பத் தொடங்கியிருப்பது கொஞ்ச நாட்களாகவே என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அதற்கு உதாரணம் சொல்வதுபோல் உங்கள் கடிதம் வந்து சேர்ந்ததால் உடனே எழுதுகிறேன்.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். 120 என்பது மணிக்கு 120 மைல்தான். 1949 மே 30 அன்று பெல்ஜியத்தின் ஜபெக்கே நெடுஞ்சாலையில், முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டிய வண்டி 132.6 மைலை, அதாவது 213 கிலோமீட்டரைத் தொட்டது. ஓட்டுவது முறையா என்று கேட்கிறீர்கள். ஓடாமல் நிற்கும் வண்டியில் பிரேக் சிலிண்டர் இறுகிப்போகும், ரப்பர் காய்ந்து வெடிக்கும். ஓட்டத்தான் வேண்டும், அதில் விவாதிக்க எதுவும் இல்லை.

ஆனால் "வியப்பு பாதியாகக் குறைந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை. அந்த மனிதர் வாய் திறப்பதற்கு முன்னும் பின்னும் உங்கள் எதிரே நின்றது ஒரே வண்டி. முன் மட்கார்டிலிருந்து கிளம்பிக் கதவின் மேல் தாழ்ந்து பின்சக்கரத்தின் மேல் எழும் அந்தக் கோடு ஒரு இம்மிகூட மாறவில்லை. மாறியதெல்லாம் உங்கள் மனத்தில் இருந்த ஓர் எண். உங்கள் கண் தானாகக் கண்டெடுத்த அழகை, அறிமுகமே இல்லாத ஒருவர் சொன்ன ஒற்றை வாக்கியத்துக்காக விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். இந்த வயதில் அப்படிச் செய்யப் பழகாதீர்கள்.

அந்த 240 ஏன் 240 ஆனது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று தெரிகிறது. போர்க்காலத்தில் ஜெர்மானியர் குண்டு வீசிய இரவுகளில், கவென்ட்ரி ஃபோல்ஸ்ஹில் தொழிற்சாலையில் தீக்காவலுக்கு விழித்திருந்த நேரத்தில்தான், ஜாகுவாரின் நிறுவனர் வில்லியம் லயன்ஸும் அவருடைய பொறியாளர்களான ஹெய்ன்ஸ், ஹசன், பெய்லி ஆகியோரும் புதிய ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பற்றிப் பேசிப் பேசி உருவாக்கினார்கள். 3.4 லிட்டர் கொள்ளளவும், தலைப்பகுதியில் வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம் தண்டுகளும், 160 குதிரைத்திறனும் கொண்ட அந்த எஞ்சின் ஒரு பெரிய குடும்பக் காருக்காகத் திட்டமிடப்பட்டது. 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சி நெருங்கியபோது எஞ்சின் தயாராக இருந்தது, குடும்பக் கார் தயாராகவில்லை. எஞ்சினைக் காட்டுவதற்கு ஒரு வண்டி வேண்டும் என்பதற்காக, கையில் இருந்த சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, குட்டையாக்கி, சில வாரங்களுக்குள் லயன்ஸ் அதன்மேல் ஓர் உடலை அமைத்தார். ஏறத்தாழ இருநூறு வண்டி விற்றால் போதும் என்பதுதான் கணக்கு. இருநூறு வண்டிக்காக யாரும் பெரும் பொருட்செலவில் எஃகை அழுத்தும் அச்சுகளைச் செய்ய மாட்டார்கள். போதாததற்கு, ஏற்றுமதி செய்பவருக்கே எஃகு என்று அரசு அளந்து கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே ஆஷ் மரத்தில் சட்டம் கட்டி, அதன்மேல் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டிப் பொருத்தினார்கள்.

ஆயிரம் பவுண்டைத் தாண்டினால் வரி இரட்டிப்பாகும் என்பதால் வரிக்கு முந்தைய விலையை 998 பவுண்டாக வைத்தார்கள். ஆர்டர்கள் குவிந்தன, அமெரிக்காவிலிருந்து மட்டும் வந்தவற்றையே கையால் தட்டிச் செய்து தீர்க்க முடியாது என்றானது. அச்சுகளைச் செய்து முடித்து 1950-இல் எஃகு உடலுக்கு மாறினார்கள். 1954-இல் உற்பத்தி நிற்கும்வரை எல்லா வகைகளும் சேர்ந்து ஏறத்தாழ 12,000 வண்டிகள் வெளிவந்தன.

இப்போது நீங்களே யோசியுங்கள். அந்த 240 வண்டிகள் அரியவையாக இருப்பதற்குக் காரணம் தட்டுப்பாடும், அவசரமும், செய்தவர்களே எதிர்பார்க்காத வரவேற்பும். யாரும் அரிதாக்க வேண்டும் என்று அரிதாக்கவில்லை. எஃகு வண்டிகளை நிறையச் செய்ய வசதி இருந்திருந்தால் லயன்ஸ் முதல் நாளே மகிழ்ச்சியோடு செய்திருப்பார், ஏனென்றால் எல்லோரும் வியக்கும் ஒரு காரைச் சாதாரண ஆடம்பரக் கார்களைவிடக் குறைந்த விலைக்குக் கொடுப்பதுதான் அவருடைய தொழிலின் அடிப்படை. அந்த மனிதரின் வெற்றி அந்த வண்டி அரிதாக இல்லாமல் போனதில் இருக்கிறது. அவருடைய வெற்றியை நகல் என்றும், அவர் வேறு வழியின்றிச் செய்ததை மூலம் என்றும் நீங்கள் சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

அலுமினிய வண்டியை நான் குறைத்துப் பேசவில்லை. 1950 செப்டம்பர் 16 அன்று வட அயர்லாந்தின் டன்ட்ராடில் நடந்த கார்ப் பந்தயத்தில், கொட்டும் மழையில், இருபத்தொரு வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸ் வென்றது அப்படிப்பட்ட வண்டியில்தான். ஆனால் 1952-இல் பாரிஸுக்கு அருகே மோன்லேரி ஓட்டக்களத்தில் ஏழு பகலும் ஏழு இரவும் சராசரியாக மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓடிச் சாதித்தது மூடிய கூரையுள்ள எஃகு வண்டி. அதை நகல் என்பீர்களா?

கவென்ட்ரியில் நான் வேலை பார்த்த காலத்தில், அலுமினிய வண்டி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்த பட்டறைக்குப் போனதுண்டு. அதைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதிய டிங்கர் என்னை ஆள் பார்த்து எடை போட்டுவிட்டு, பெயிண்டைப் பார்க்க விடாமல் மட்கார்டின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். வெளியே கண்ணாடிபோல இருந்த தகட்டின் உட்புறம் முழுக்கச் சுத்தியல் தடங்கள், நெருக்கமாக, சீரான இடைவெளியில். வளைவு கூடும் இடத்தில் தடங்கள் சிறுத்தும், தட்டையான இடத்தில் பரந்தும் இருந்தன. கதவின் மரச்சட்டத்தில் பென்சிலால் ஓர் எண்ணும் அதன் அருகே ஒரு கோடும் இருந்தன. இடது மட்கார்டையும் வலது மட்கார்டையும் அளந்து பார்த்தால் விரற்கடை வித்தியாசம் வரும் என்றார் அவர். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, இரண்டு பக்கத்தையும் இரண்டு ஆட்கள் செய்திருப்பார்கள் என்று சொன்னார். அவர்கள் பெயர் அவருக்கும் தெரியாது. பிறகு உலர்ந்து உளுத்திருந்த ஆஷ் சட்டத்தைத் தொட்டுக் காட்டி, இந்த மரம் அழுகினால் எவ்வளவு அழகான தகடும் தொங்கிவிடும் என்றார்.

அலுமினிய வண்டியைப் பார்த்து வியக்க வேண்டுமென்றால் அந்தச் சுத்தியல் தடங்களைப் பார்த்து வியந்துகொள்ளுங்கள், அதை நான் மனமார வரவேற்பேன். அந்த மட்கார்டைத் தட்டிய கைகள் அது எத்தனையாவது வண்டி என்று கணக்குப் பார்த்திருக்காது. கணக்குப் பார்ப்பவர்கள் பின்னால் வந்தவர்கள். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பட்டியலைத் தூக்கிக்கொண்டு சுற்றும் சேகரிப்பாளர்களில் பலருக்கு, அந்தத் திறந்த காரின் கதவுக்கு வெளிப்புறக் கைப்பிடியே கிடையாது, உள்ளே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்பது முதன்முறை ஓட்டும்போதுதான் தெரிகிறது. அவர்கள் வாங்கியது ஓர் எண்ணை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த கண்காட்சிக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்தையும் மெல்லிய துணியையும் எடுத்துச் செல்லுங்கள். எஃகு வண்டியின் உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, பெயிண்ட் கீறாதபடி துணியைப் போட்டு, முதலில் மட்கார்டில் வையுங்கள், ஒட்டும். பிறகு கதவிலும் பானெட்டிலும் டிக்கி மூடியிலும் வையுங்கள். ஒட்டாது, ஏனென்றால் நீங்கள் நகல் என்று ஒதுக்கிய அந்த வண்டிகளிலும் அவை அலுமினியத்தால்தான் செய்யப்பட்டன. பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.