வீடு சாய்வது கார்டால் அல்ல, கேமராவால்

கேள்வி: சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு திண்டுக்கல்லில் வீட்டு பிளான் போட்டுத் தருகிறேன். பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில் எலிவேஷன் (வீட்டின் முன்பக்கத் தோற்றம்) எடுத்தால், மாடி வீடு பின்பக்கம் சாய்கிற மாதிரி இருக்கிறது என்கிறார் வீட்டுக்காரர். ஹால் படத்தில் மணல் தூவினாற்போல் ஒரே புள்ளி. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் இரண்டும் சரியாகிவிடும், இல்லையென்றால் நாய்ஸ், அதாவது அந்தப் புள்ளிகளை, எடுக்கும் பிளக்இன் 4,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார் கம்ப்யூட்டர் கடைக்காரர். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். சாய்வுக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை. கார்டு வேகத்தைக் கூட்டும். கேமரா எப்படி நிற்கிறதோ அப்படித்தான் படம் வரும்.

மாடியும் படத்துக்குள் வரட்டும் என்று கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்திருப்பீர்கள். கேமரா அண்ணாந்தால், செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போக நெருங்கும். அதுதான் சாய்வாகத் தெரிகிறது. கேமராவின் ரொட்டேஷனில் எக்ஸ் 90, ஒய் 0 என்று வையுங்கள். சுவர்கள் உடனே நேராகிவிடும். மாடி வெட்டுப்படும், ஆனால் கேமராவை மறுபடி அண்ணாத்த வேண்டாம். கேமரா செட்டிங்கில் ஷிஃப்ட் ஒய் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் கூட்டுங்கள். கேமரா திரும்பாமலே படம் மட்டும் மேலே நகரும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். வீடு 25 அடி உயரம். கேமரா 40 அடி தள்ளி, 5 அடி உயரத்தில். லென்ஸ் 28 மி.மீ., சென்சார் பிளெண்டரில் வழக்கமாக இருக்கும் 36 மி.மீ., படம் 3:2 அளவு. கேமராவை நேராக வைத்தால் சுமார் 22 அடி வரைதான் தெரியும்; பாராபெட் போய்விடும். ஷிஃப்ட் ஒய்யில் 0.15 போட்டால் கிட்டத்தட்ட 30 அடி வரை வந்துவிடும். கீழே வெறுமனே கிடந்த ரோடும் குறையும். ஸ்கெச்அப் என்ற 3டி சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கு, செங்குத்துக் கோடுகளை நேராக்கும் டூ-பாயின்ட் பர்ஸ்பெக்டிவ் கேமரா மெனுவிலேயே இருக்கிறது.

தெருவே 20 அடிதானே என்று பக்கத்தில் நின்று 14 மி.மீ. லென்ஸ் போடாதீர்கள். ஓரத்தில் நிற்கும் காரும் தூணும் இழுபட்டுப் போகும். எதிர்வீட்டை ஹைடு செய்துவிட்டுப் பின்னால் போங்கள்.

எல்லாக் கட்டடத்துக்கும் இது பொருந்தாது. உங்கள் வீடுபோல் இரண்டு மூன்று மாடி என்றால் முழுக்க நேராக்கலாம். எட்டு பத்து மாடி அப்பார்ட்மென்டை ரோட்டிலிருந்து எடுக்கும்போது முழுக்க நேராக்கினால், மேல்தளம் கீழ்த்தளத்தைவிட அகலமாகிவிட்டதுபோல் கண்ணுக்குத் தெரியும். அளவெடுத்துப் பார்த்தால் கோடுகள் சரியாகத்தான் இருக்கும். ஆனால் சென்னை அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடத்தை அருகில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது அது மேலே குறுகித்தான் தெரிகிறது, கண் அதை எதிர்பார்க்கிறது. அந்த மாதிரி இடத்தில் எக்ஸை 92, 93 என்று லேசாக அண்ணாத்தி, மீதியை ஷிஃப்டில் வாங்குங்கள். கோடுகள் கொஞ்சம் நெருங்கட்டும், உயரம் உயரமாகவே தெரியும். இது தெரியாமல் உயரமான கட்டடத்தையும் ஸ்கேல் வைத்து நேராக்கி அனுப்புகிறார்கள். பார்ப்பவருக்கு ஏதோ உறுத்துகிறது, என்னவென்று சொல்லத் தெரிவதில்லை.

டிப்ளமோவில் வானிஷிங் பாயின்டை, அதாவது கோடுகள் தூரத்தில் சேரும் இடத்தை, கையால் போடவைத்து மார்க் போடுகிறார்கள். அதே விஷயம்தான் இந்தக் கேமராவுக்குள் இருக்கிறது என்று லேபில் யாரும் சொல்லித்தருவதில்லை. சென்டர்களில் எந்த பட்டன் எங்கே என்று காட்டி சர்டிபிகேட் கொடுத்தால் முடிந்தது. அந்த இடைவெளியில்தான் போட்டோஷாப்பில் நேராக்கித் தருகிறேன் என்று படத்துக்கு இவ்வளவு என வாங்குகிறவர்கள் பிழைக்கிறார்கள். அவர்கள் மேல்பக்கத்தைப் பிடித்து இழுக்கிறார்கள். மாடி ஜன்னலின் அளவு மாறி, மேல்பாதி மங்கிப்போகிறது.

சரி, புள்ளிகள். பிளெண்டரில் படம் எடுத்துத்தரும் சைக்கிள்ஸ் என்ற பகுதி, ஒளிக்கதிர்களை அங்குமிங்கும் அனுப்பித்தான் படம் போடுகிறது. உங்கள் ஹாலுக்கு ஒரே ஜன்னல், அதிலும் கிரில், கண்ணாடி. வெளிச்சத்தைக் கண்டுபிடிக்கும் கதிர்கள் குறைவு, அதனால் புள்ளி. முதலில் அந்த ஜன்னல் கண்ணாடியை ஹைடு செய்து பாருங்கள். வெறும் கிளாஸ் மெட்டீரியல் போட்டிருந்தால் அது வெளிச்சத்தை நேராக உள்ளே விடாது. பிறகு ஜன்னல் அளவுக்கு ஒரு ஏரியா லைட் வைத்து, உள்பக்கம் பார்க்கத் திருப்பி, போர்ட்டல் என்று டிக் செய்யுங்கள். வானத்து வெளிச்சம் எந்த வழியாக வருகிறது என்று சைக்கிள்ஸுக்குத் தெரிந்துவிடும்.

சாம்பிளை, அதாவது ஒரு பிக்சலுக்கு எத்தனை கதிர் என்ற எண்ணை, கண்டபடி ஏற்றாதீர்கள். புள்ளி பாதியாகக் குறைய சாம்பிள் நான்கு மடங்கு வேண்டும், நேரமும் அதேபோல் ஏறும். 256-ஐ 1024 ஆக்கிப் பாருங்கள், அதற்கு மேல் புள்ளிகளைத் துடைக்கும் டீநாய்ஸ் பார்த்துக்கொள்ளட்டும்.

கடைக்காரர் 4,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிற வேலையைச் செய்ய ஓபன் இமேஜ் டீநாய்ஸ் என்று ஒன்று பிளெண்டருக்குள்ளேயே இருக்கிறது. இன்டெல் அதை இலவசமாகவே வெளியிட்டது. 2019-இல் வந்த பிளெண்டர் 2.81 முதல் சேர்ந்தே வருகிறது, கார்டு இல்லாமல் பிராசஸரிலும் ஓடும். இருப்பதை மறைத்துக் காசு பார்ப்பது அநியாயம். கிராக் செய்த பிளக்இன் என்றால் இன்னும் மோசம்: கூடவே வைரஸ் வந்தால் போவது உங்கள் வாடிக்கையாளர்களின் பிளான்கள்தான்.

டீநாய்ஸில் பாசஸ் என்ற இடத்தில் ஆல்பிடோவும் (பொருளின் நிறம்) நார்மலும் (பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது) இருக்கிறதா என்று பாருங்கள். அவை இருந்தால்தான் ஆத்தங்குடி டைல்ஸின் பூ வேலை, மரக்கதவின் ரேகை எல்லாம் தப்பும். அப்படியும் சாம்பிள் மிகக் குறைவாக இருந்தால் வழவழவென்று மெழுகிவிடும். அங்கங்கே தனியாக மின்னும் வெள்ளைப் புள்ளிகளுக்கு கிளாம்ப் இன்டைரக்ட்டை (பட்டுத் தெறித்து வரும் ஒளிக்கான உச்சவரம்பு) 10-லிருந்து 5 ஆக்குங்கள். மூலைகள் இருட்டினால் கொஞ்சம் ஏற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு படம் விடியவிடிய ஓடினால், அப்போது கார்டு பற்றி யோசிக்கலாம். உங்கள் ஹால் ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துப்போய், கடையில் விற்கும் மெஷினிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.