நிழல் தோட்டத்துக்கு ஹோஸ்டா வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு மாமரங்களின் அடியில் வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் வைப்பதற்கு, மஞ்சள் விளிம்புள்ள அகன்ற இலைகளைக் கொண்ட ‘சகாயே’ என்ற பெரிய ஹோஸ்டா ரகத்தை இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். ஒருவர் விதையாகவும் மற்றொருவர் வேர்க்கிழங்காகவும் விற்கிறார்கள். எதை வாங்குவது நல்லது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டையுமே வாங்க வேண்டாம் அம்மா.

இலையில் இரு நிறம் காட்டும் ஹோஸ்டா ரகங்கள் விதையில் தாய்ச்செடியைப் போல வருவதில்லை. முளைப்பவை பெரும்பாலும் ஒரே நிறக் கன்றுகளாகவே இருக்கும். அதனால்தான் முறையான நர்சரிகள் தூரைப் பிரித்தோ திசு வளர்ப்பிலோதான் அவற்றைப் பெருக்குகின்றன. ‘சகாயே’ படம் போட்ட விதைப் பொட்டலம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது ஏமாற்று வேலைதான்.

வேர்க்கிழங்கு உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் ஜப்பான், கொரியா, சீனா நாடுகளைத் தாயகமாகக் கொண்ட ஹோஸ்டா, குளிர்காலத்தில் இலையுதிர்த்து, 5 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் பல வாரங்கள் உறங்கிய பிறகே மறுபடி வலுவாகத் துளிர்க்கும். நம் பகுதியில் மார்கழி இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. கிழங்கில் சேமித்த உணவைக் கொண்டு முதல் பருவத்தில் அது அழகாகவே இலை விடும். அடுத்தடுத்த ஆண்டுகளில் இலை சிறுத்து, தூர் மெலிந்து, கடைசியில் அழுகிப்போகும். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடுவதால், தண்ணீர் விட்டதில்தான் பிழை என்று வாங்கியவரே தம்மை நொந்துகொள்கிறார். இதுதான் எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது.

அந்த இடத்துக்கு மஞ்சள் கோடிட்ட அல்பினியாவைப் பரிந்துரைக்கிறேன். இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, இலைகளுக்கிடையே வெயில் சற்றே விழும் நிழலில் நான்கைந்து அடி வரை வளரும்; இருள் அடர்ந்த மூலையில் மஞ்சள் மங்கிவிடும். நர்சரியில் தொட்டியைக் கையில் எடுத்துத் தூரைப் பாருங்கள். முழுப் பச்சையாக எழும் பக்கக்கன்று இருந்தால் வேறு தொட்டியைக் கேளுங்கள், ஏனெனில் பச்சைக் கன்று வேகமாக வளர்ந்து கோடிட்டவற்றை அமுக்கிவிடும். நம் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் தேங்கினால் கிழங்கு அழுகும். மணலும் மட்கிய எருவும் கலந்து மேட்டுப்பாத்தி அமைத்து நடுங்கள், மாமரத்தின் அடித்தண்டில் மட்டும் மண் அணைக்க வேண்டாம்.

விதைக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. விற்பனையாளர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.