தலையில் வைத்த குழாயில் கிருமி பிடித்தால் அது யார் விட்ட பிழை?

கேட்டவர் எழுதியிருப்பது: "திருகோணமலையில் இருக்கிறோம். அப்பாவுக்கு மூளைக்குள் இரத்தக்கசிவு. தலையில் குழாய் போட்டுத் தண்ணி இறக்கினவை. ஆறாம் நாள் காய்ச்சல். குழாயில் இன்பெக்சன் எண்டு சொல்லினம். இது யார் விட்ட பிழை? நாங்கள் என்ன கேட்க வேணும்?"

நரம்பியல் ஐசியுவில் வேலை செய்கிற எவருக்கும் சுடுகிற கேள்வி இது. ஆஸ்பத்திரிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கீழே ஒருவர் எழுதத்தான் போகிறார், எழுதட்டும். கை கழுவாமல் அந்தக் குழாயைத் தொட்டால் அது பிழைதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் எல்லாம் ஒழுங்காக நடக்கிற இடங்களிலும் இதில் கிருமி பிடிக்கிறது. நூறு பேரில் ஐந்து முதல் இருபது பேர் வரை என்று இடத்துக்கு இடம் கணக்கு மாறும். ஆகவே தங்கச்சி, யார் பிழை என்பதை விட, அந்தக் குழாய்த் தொகுதியை எத்தனை தரம் திறந்தார்கள் என்று கேட்பது பயன் தரும். ஏன் என்று சொல்கிறேன்.

மூளைய முண்ணாண் பாய்பொருள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் அந்தத் தண்ணீர். வளர்ந்தவருக்கு ஒரு நேரத்தில் ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் இருக்கும். ஒரு நாளில் சுரப்பதோ 500 மில்லிலீற்றர் அளவில், அதாவது மணிக்கு 20. இரத்தக்கட்டி வழியை அடைத்தால் தண்ணீர் தேங்கி அழுத்தம் ஏறும். அதற்குத்தான் ஈவிடி என்கிற குழாய். பெரும்பாலும் வலப்பக்க முன்மண்டையில் துளையிட்டு, ஆறு சென்ரிமீற்றர் அளவு ஆழத்தில் மூளையறைக்குள் நுனியை வைப்பார்கள். வெளியே வருகிற பகுதியைத் துளைக்கு நேரே எடுக்காமல், தோலுக்கடியில் சில சென்ரிமீற்றர் ஓட்டி வேறோர் இடத்தில் எடுத்துத் தையல் போடுவார்கள். தோலில் இருக்கிற கிருமி மூளைக்குப் போகிற பாதையை நீட்டுகிற ஏற்பாடு அது.

கிருமி நுழைய வழிகள் சிலதான். குழாய் வைக்கும்போதே தோலிலிருந்து கூடப் போகலாம். பிறகு குழாயின் வெளிப்பக்கமாக ஊர்ந்து போகலாம். மூன்றாவது வழி உட்பக்கம்: இணைப்பைக் கழற்றும்போதும், மாதிரி எடுக்கும்போதும், அடைப்பு எடுக்கவென்று சேலைன் அடிக்கும்போதும், பை மாற்றும்போதும். இந்த மூன்றாவதைத்தான் வாட்டில் இருப்பவர்களால் குறைக்க முடியும். தினமும் தண்ணீர் எடுத்துப் பரிசோதித்தால் கவனமாகப் பார்க்கிறார்கள் என்று உறவினர் நினைப்பார்கள். நடப்பது எதிர்மாறு. சந்தேகம் இல்லாமல் எடுக்கிற ஒவ்வொரு மாதிரியும் கதவைத் திறந்து விடுகிற வேலை. பையும் அப்படித்தான், முக்கால் பங்கு நிறைந்தால் மாற்றினால் போதும். கிடக்கிற பையைப் பார்த்து "ஏன் மிஸ் இதை இன்னும் மாத்தேல்லை?" என்று நெருக்காதீர்கள்.

ஐந்து நாளுக்கு ஒரு தரம் குழாயையே புதிதாக மாற்றுகிற வழக்கமும் முன்பு இருந்தது. மாற்றிப் பார்த்ததில் தொற்று குறையவில்லை, புதுக்குழாய் என்றால் புதுத்துளை, புது ஆபத்து. அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2017 வழிகாட்டியும் சும்மா மாற்ற வேண்டாம் என்றே சொல்கிறது. "ஆறு நாளாக மாற்றாமல் விட்டதால்தான் வந்தது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எவ்வளவு முன்னதாகக் குழாயை எடுக்க முடியுமோ அவ்வளவு நல்லது என்பது வேறு விசயம். அதற்கு முதலில் தண்ணீர் சொட்டி விழுகிற குடுவையின் உயரத்தைப் படிப்படியாகக் கூட்டுவார்கள், அல்லது 24 மணித்தியாலம் அடைத்து வைத்து சிடி ஸ்கேன் பார்ப்பார்கள். "குழாயை எப்ப அடைச்சுப் பார்ப்பீங்கள்?" என்று நீங்கள் தினமும் கேட்கலாம், அதில் தப்பில்லை.

இனிக் காய்ச்சல். ஆறாம் நாள் காய்ச்சல் என்றாலே குழாய் என்று முடிவு கட்ட முடியாது. மூளையறைக்குள் இரத்தம் இருந்தால் அதுவே காய்ச்சல் தரும், கழுத்தை இறுக்கும், வெண்குழியங்களையும் கூட்டும். வென்ரிலேற்றரில் இருப்பவருக்கு நெஞ்சுச்சளி, சலக்குழாய் என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் மாதிரியில் பல எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 500 முதல் 700 செங்குழியத்துக்கு ஒரு வெண்குழியம் என்று கழித்துவிட்டு மிச்சம் எத்தனை என்று பார்ப்பார்கள். தண்ணீரின் குளுக்கோசை அதே நேரத்து இரத்த குளுக்கோசோடு ஒப்பிட வேண்டும், தனியே பார்த்தால் அர்த்தமில்லை. ஒரு நாள் எண்ணை விட முதல் மாதிரியிலிருந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே பேசும். சாயம் போட்டுக் கிருமியைத் தேடுகிற கிராம் சாயம் அன்றைக்கே தெரியும், கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு இரண்டு மூன்று நாளாகும். மெதுவாக வளர்கிற தோல் கிருமிகளுக்காகத் தட்டைப் பத்து நாள் வரை வைத்திருக்கவும் சொல்வார்கள். மாதிரி குளிர்ப்பெட்டிக்குள் போகக் கூடாது. ஆய்வுகூடத்துக்கு உடனே போக வேண்டும், தாமதித்தால் குழியங்கள் சிதைந்து எண்ணிக்கை பொய்யாகும்.

கிருமி எது என்பதில்தான் வைத்தியத்தின் பாதி இருக்கிறது. அதிகம் வருவது தோலில் சாதாரணமாக வாழ்கிற ஸ்ரபைலோகொக்கசு எப்பிடேர்மிடிசு. வெளியே அது சாது. குழாயில் ஏறினால் வழுவழுப்பான படலம் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும், மருந்து அந்தப் படலத்துக்குள் சரியாக எட்டாது. அதனால்தான் மருந்தும் கொடுத்து, பழைய குழாயையும் எடுத்து, தேவையென்றால் வேறு இடத்தில் புதிதாக வைக்கிறார்கள். "ஒரு ஒப்பரேசன் காணாதெண்டு இன்னொண்டா?" என்று கையொப்பமிட மறுக்க வேண்டாம். ஐசியு கிருமிகளான அசினெற்றோபக்ரர், கிளெப்சியெல்லா, சூடோமோனாசு என்றால் கதை கடுமை.

கல்ச்சர் வரும்வரை வழக்கமாக வான்கோமைசினோடு மெரோபெனம் அல்லது செஃப்டாசிடிம் போன்றதொன்றைச் சேர்த்து நாளம் வழியாகக் கொடுப்பார்கள். அதற்கு மசியாவிட்டால் குழாய் வழியாக மூளையறைக்குள்ளேயே கொஞ்சம் மருந்து விடுவார்கள், வான்கோமைசின் என்றால் 5 முதல் 20 மில்லிகிராம். கெடாமல் இருக்கச் சேர்க்கிற பதப்படுத்தும் பொருள் கலக்காத மருந்தாக அது இருக்க வேண்டும். விட்டபின் 15 முதல் 60 நிமிடம் குழாயை அடைத்து வைப்பார்கள், இல்லாவிட்டால் விட்ட மருந்து அப்படியே பைக்குள் வந்துவிடும். அந்த நேரம் "தண்ணி இறங்கேல்லை" என்று பதறிக் கிளாம்பில் கை வைக்க வேண்டாம். மருந்து பத்து முதல் பதினான்கு நாள், சில கிருமிக்கு 21 நாள். மறுபடி மறுபடி கல்ச்சரில் கிருமி வந்தால், கடைசியாக வந்த நாளிலிருந்து திரும்ப எண்ணுவார்கள். காய்ச்சல் விட்ட பிறகும் மருந்து ஓடுவது இதனால்தான்.

மருந்து பூசிய விலைகூடிய குழாய் வைத்திருந்தால் வந்திருக்காதே என்று ஒருவர் கேட்பார். அவர் காட்டப்போவது பிரித்தானியா, அயர்லாந்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வாக இருக்கும். அதில் அன்டிபயோற்றிக் ஊறிய குழாயில் தொற்று 2 சதவீதம், சாதாரணக் குழாயில் 6. ஆனால் அது மூளைத் தண்ணீரைத் தோலுக்கடியாலேயே வயிற்றுக்குள் இறக்குகிற நிரந்தரக் குழாயான ஷன்ட் பற்றியது. வெளியே வடிகிற குழாய்க்கும் அந்த வகையை வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன, மறுக்கவில்லை. கையிருப்பில் இல்லாத இடத்தில் அதைச் சொல்லி அழுது பயனில்லை, மூடிய தொகுதியை மூடியே வைத்திருப்பதற்குக் காசு தேவையில்லை.

உறவினர் செய்யக்கூடியது அதிகம். தலையணை ஈரமா என்று பாருங்கள். குழாய் வெளிவருகிற இடத்தில் கசிவு என்றால் அது கிருமிக்கு வெற்றிலை வைத்து அழைப்பு, உடனே சொன்னால் ஒரு தையலோடு நிற்கும். கட்டிலின் தலைப்பக்கத்தை நீங்களாக உயர்த்தாதீர்கள். காது முன்மடல் மட்டத்துக்கு அளவு பார்த்துத்தான் சொட்டுக்குடுவையைத் தொங்கவிட்டிருப்பார்கள். திறந்த குழாயோடு தலை உயர்ந்தால் தண்ணீர் அளவுக்கு மீறி வடியும், மூளை சுருங்கி மண்டைக்கடியில் இரத்தம் கட்டலாம். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது கந்தளாய், ஹபரணை என்று குலுங்கிக் குலுங்கிப் போகிற அம்புலன்சில் இது இன்னும் கவனம். குடுவை சரிந்து அதன் காற்று வடிகட்டி நனைந்தால் வடிதல் நின்றுவிடும், பிறகு தொகுதியைக் கழற்ற வேண்டி வரும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் குழாய் அடைத்திருக்கிறதா, இறக்கிய பிறகு திறந்தாயிற்றா என்று கேளுங்கள்.

இன்னொன்று, கோபிக்க வேண்டாம். கோணேசர் கோவில் திருநீறு, பத்திரகாளி அம்மன் குங்குமம், ஓதின தண்ணீர், ஓடிக்கொலோன், சித்தாலேப எல்லாம் நெற்றிக்குத்தான் வருகின்றன, குழாயின் கட்டோ நெற்றிக்கு மேலே நாலு விரல் தள்ளி இருக்கிறது. கையிலோ காலிலோ பூசுங்கள், கடவுள் கோபிக்கமாட்டார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. தமிழ் மட்டும் தெரிந்த தாயிடம் சிங்களத்தில் இரண்டு வரி சொல்லிவிட்டு, "விளங்கிச்சுதா?" என்று கேட்காமலே கையொப்பம் வாங்குகிற இடங்கள் இன்னும் உண்டு. வீட்டுக்குக் கொடுக்கிற நோய்நிர்ணய அட்டை முழுக்க ஆங்கிலம். மூன்றாம் கிழமை காய்ச்சல் வந்தால் அதை யார் வாசிப்பது? அட்டையைத் தருகிறபோதே கிருமியின் பெயர், மருந்து தொடங்கிய, முடிந்த திகதி, குழாய் எடுத்த திகதி நான்கையும் தமிழில் சொல்லச் சொல்லி ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் காய்ச்சல், தலையிடியோடு சத்தி, கூப்பிட்டால் எழும்பாத தூக்கம், தழும்பிலிருந்து தண்ணீர் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று பார்க்காமல், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்து அந்தக் கொப்பியோடு ஏறுங்கள்.