பேய்ப் படங்களில் வரும் குடும்பம் ஏன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போவதில்லை?

காலி செய்கிற குடும்பமும் இருக்கிறது. ஜேம்ஸ் வான் இயக்கி 2010-இல் வந்த 'இன்சிடியஸ்' பாருங்கள். பரணில் ஏணியிலிருந்து விழுந்த மூத்த பையன் டால்டன் மறுநாள் காலையில் கண் விழிக்கவே மாட்டான், டாக்டர்களுக்கும் காரணம் புரியாது. அப்புறம் வீட்டில் நடமாட்டம் தொடங்கி, படுக்கை விரிப்பில் ரத்தக் கைத்தடம் பதிந்ததைப் பார்த்த அம்மாக்காரி, இனி இங்கே ஒரு நாள்கூட இருக்க முடியாது என்கிறாள். கணவனும் சரி என்று வேறு வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுகிறான். நாம் வீட்டில் உட்கார்ந்து சொல்லும் யோசனையைப் பாதிப் படத்துக்குள்ளேயே செய்துவிடுகிறார்கள்!

புது வீட்டில் பட்டப்பகலில் அவள் இசைத்தட்டை ஓடவிட்டுக் குப்பை போட வெளியே வருகிறாள். உள்ளே பாட்டு தானாக மாறுகிறது, ஜன்னல் வழியே பார்த்தால் யாரோ ஒரு பையன் ஆடிக்கொண்டிருக்கிறான். இருட்டு கிடையாது, கதவு கிறீச்சிடாது, ஆனாலும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதற்குப் பிறகு மாமியார் மேஜையருகே தன் கனவைச் சொல்லும்போது மகனின் தோளுக்குப் பின்னால் அந்தச் சிவப்பு முகம் எட்டிப்பார்க்குமே, அதற்கு மேல் நான் சொல்லிக் கெடுக்கவில்லை. (அந்த வேஷம் கட்டியவர் ஜோசப் பிஷாரா, படத்துக்கு இசையும் அவர்தான். இரண்டு வகையிலும் பயமுறுத்திவிட்டார்.) பேய் பிடித்திருப்பது வீட்டை அல்ல, பையனை. உயிர் உடம்பை விட்டு எங்கோ அலைகிறது, காலியாகக் கிடக்கும் உடம்புக்குள் புக ஒரு கூட்டமே காத்திருக்கிறது. அப்படியிருக்க, எந்த வீட்டுக்குப் போய் என்ன? அந்த உயிரைத் தேடி அப்பா மறு உலகத்துக்குள் போன பிறகு வெறும் புகையும் விளக்கும்தான், எனக்குப் பயம் போய்விட்டது.

அதே இயக்குநரின் 'தி கான்ஜுரிங்' (2013) இரண்டு காரணம் சொல்லும். ஒன்று பணம்: கையிலிருந்ததெல்லாம் வீட்டில் முடங்கிவிட்டது, ஐந்து பெண்களோடு வரும் குடும்பத்தை யார் எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள்? இரண்டாவது, அது ஷூவில் ஒட்டிய சூயிங்கம் மாதிரி கூடவே வரும் என்று பேய் ஓட்ட வந்தவரே சொல்லிவிடுகிறார்.

1982-இல் வந்த 'போல்டர்கைஸ்ட்'டில் குழந்தையே வீட்டுக்குள் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கும், எந்தப் பெற்றோர் விட்டுவிட்டுப் போவார்கள்? ஆனால் குழந்தையை மீட்ட பிறகும் சாமான்களைக் கட்டிவைத்துவிட்டு உடனே கிளம்பாமல், அம்மா சாவகாசமாகக் குளிக்கப் போவாள் பாருங்கள், அங்கே உங்கள் கேள்வி நூற்றுக்கு நூறு நியாயம். எல்லாம் பட்டுத் தெளிந்து கடைசியில் ஓட்டலில் அறை எடுக்கிறார்கள், அப்பா முதல் வேலையாக அங்கிருந்த டிவியை வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துகிறார்.