வாசிப்பு கற்றுக்கொடுக்கப் பயமாக இருக்கிறதா? புது ஆசிரியர்களின் கேள்விகளும் என் பதில்களும்

தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளை எடுத்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களும் பயிற்சியில் இருப்பவர்களும் தமிழ் வாசிப்பைப் பற்றிக் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், என் வகுப்பில் எழுத்து அட்டையைக் காட்டினால் எல்லாரும் சரியாகச் சொல்கிறார்கள். 'பக்கம்' என்று பலகையில் எழுதினால் வாசிக்கத் தெரியவில்லை. எனக்குத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லையோ? (முதல் ஆண்டு ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்)

அப்படி நினைக்காதீர்கள்மா. அந்தப் பிள்ளை என்ன சொல்லித் திணறுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலும் 'ப, இக், க, இம்' என்றுதான் இருக்கும். மெய்யெழுத்துக்கு இக், இங், இச் என்று நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்? மெய்யைத் தனியாக ஒலிப்பது கடினம் என்பதால் முன்னால் ஓர் இகரம் போட்டுக்கொள்கிறோம். பிள்ளை அந்த இகரத்தையும் சேர்த்தே சொல்லுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. 'ப-இக்-க-இம்' என்று எத்தனை முறை வேகமாகச் சொன்னாலும் 'பக்கம்' வராது.

புள்ளி வைத்த எழுத்து தனக்கு முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டும். இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம், செய்து காட்டினால் போதும். 'கம்' என்பதைக் கையால் மறைத்துவிட்டு, 'பக்' என்பதை ஒரே மூச்சில் சொல்லுங்கள். பிறகு 'கம்'. பிறகு இரண்டையும் சேர்த்து. இதற்கு முன்பே கல், பல், கண், மண் போன்ற சொற்களில் நன்றாகப் பழக்கிவிட வேண்டும். 'பல', 'பல்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாசிக்க வையுங்கள். ஒரு புள்ளியால் என்ன மாறுகிறது என்று காதுக்கே தெரியும். அடுத்து 'படம்', 'பட்டம்'. அவசரப்படாமல் சில வாரங்கள் இதிலேயே இருங்கள். கப்பல், தக்காளி எல்லாம் அதற்குப் பிறகு தானாக வரும்.

கேள்வி: 247 எழுத்தும் முடித்த பிறகுதான் சொல்லுக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் வாசித்துவிடலாம். க, ல சேர்ந்தால் கடல், பகல், கப்பல், கட்டம். முதல் மாதமே பிள்ளை ஒரு முழுச் சொல்லை வாசித்தாக வேண்டும். இல்லையென்றால் எதற்கு இதையெல்லாம் கத்துகிறோம் என்று அதற்கே புரியாது. ஙௌ-வை எந்தச் சொல்லில் பார்க்கப் போகிறது, சொல்லுங்கள்!

நேரத்தை மிச்சம் பிடித்து உகர, ஊகார வரிசைகளுக்குக் கொடுங்கள். துணைக்கால் எல்லா எழுத்துக்கும் ஒன்றுதான். கு, சு, து அப்படியில்லை, ஒவ்வொன்றுக்கும் வளைவு வேறு. ஒரே நாளில் வரிசையாக எழுதிப் போடாமல், ஒரே மாதிரி வளைகிறவற்றைச் சேர்த்து எடுங்கள்: சு, பு, வு ஒரு நாள், து, நு, லு இன்னொரு நாள். அடுத்த தொல்லை கொம்பு. 'கே' என்பதில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, காதில் முதலில் விழுவது க். கொம்பைப் பார்த்ததும் நிற்காமல் அடுத்த எழுத்தையும் பார்த்துவிட்டு வாய் திறக்கப் பழக்குங்கள்.

கேள்வி: ஐந்து நிமிடத்தில் அட்டை, பொம்மை, பாட்டு என்று மாதிரி வகுப்பு நன்றாக எடுக்கும் பயிற்சி மாணவர்கள், வேலைக்குப் போனதும் பயந்துபோகிறார்கள். பயிற்சியிலேயே என்ன செய்யலாம்? (டயட் எனப்படும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர்)

ஒவ்வொருவருக்கும் வாசிக்கத் திணறும் ஒரு பிள்ளையைக் கொடுங்கள், சார். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளியிலேயே கிடைப்பார்கள். தினமும் கால் மணி நேரம், கற்பித்தல் பயிற்சி முடியும் வரை அதே பிள்ளை. பிள்ளை வாசித்ததைப் பயிற்சி மாணவர் ஒரு நோட்டில் அப்படியே எழுதட்டும்: புத்தகத்தில் 'தம்பி', பிள்ளை சொன்னது 'தபி'. அந்த நோட்டை வாரம் ஒருமுறை எல்லாருமாக உட்கார்ந்து பாருங்கள். இந்தப் பிள்ளை மெல்லின மெய்யை விடுகிறது, அந்தப் பிள்ளை முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். நாற்பது பேர் முன்னால் நிற்கும் பயம் பெரும்பாலும் 'இது ஏன் வரவில்லை' என்பதற்குக் காரணம் தெரியாத பயம்தான். பொம்மைக்கும் பாட்டுக்கும் நான் எதிரி இல்லை. ஆனால் அட்டை வெட்டுவதில் போகும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

கேள்வி: ஒரே அறையில் மூன்று வகுப்பு. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்திருக்கிறோம். ஆனால் மூன்றாம் வகுப்புப் பையன் அரும்பில் உட்காரக் கூச்சப்படுகிறான்.

உட்கார வையுங்கள், ஆனால் சும்மா இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல் அட்டை காட்டும் வேலை அவனுக்கு. காட்டும்போது அவனும் வாசித்தாக வேண்டுமே! ஒருவன் எங்கே இருக்கிறான் என்பதைப் பிரிவுப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாமல், மாதம் ஒருமுறை தனியாக அழைத்து வாசிக்கச் சொல்லிப் பார்த்து மாற்றுங்கள்.

கேள்வி: ஓசூர் பக்கம் வேலை. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள். 'பகல்' என்பதில் வரும் க வேறு, 'கல்' என்பதில் வரும் க வேறா என்று கேட்கிறார்கள்!

நல்ல கேள்வி கேட்கிறார்கள். அந்த மொழிகளில் இரண்டுக்கும் தனி எழுத்து உண்டு. தமிழ் பேசும் பிள்ளைக்குச் சொல் முன்பே தெரிந்திருப்பதால் ஒலி தானாக மாறிவிடும். இவர்களுக்கு அந்தச் சொல்லே புதுசு. அதனால் வாசிக்க வைக்கும் முன் பேச வையுங்கள். பகல், தங்கம், தம்பி எல்லாம் கதையிலும் பேச்சிலும் பலமுறை காதில் விழட்டும். விதியாகச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: 'வந்தார்கள்' என்று புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளை 'வந்தாங்க' என்று வாசிக்கிறது. அடிக்கோடு போட வேண்டுமா?

அர்த்தம் புரிந்து வாசிக்கிறது, முதலில் சந்தோஷப்படுங்கள். பிறகு எழுத்தைத் தொட்டுக்காட்டி இன்னொரு முறை.

கேள்வி: மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் வாசிக்க வேண்டும் என்கிறார்கள். கடிகாரத்தைப் பார்த்தாலே படபடப்பு.

தொடக்க வகுப்புகளில் எழுத்தும் எண்ணும் கற்பிப்பதற்கான மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கு அது. ஆனால் தமிழில் 'பூ' என்பதும் ஒரு சொல், 'விளையாடிக்கொண்டிருந்தார்கள்' என்பதும் ஒரு சொல். பத்தியைப் பொறுத்து எண்ணிக்கை ஏறும், இறங்கும். ஒரே பிள்ளைக்கு ஒரே மாதிரிப் பத்தியைச் சில வாரம் கழித்துக் கொடுத்து, முன்பைவிடத் தடங்கல் குறைந்ததா என்று பாருங்கள். முடிந்ததும் கதையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்.

கேள்வி: பாடத்தைக் கடகடவென்று சொல்கிறான். வாசிக்கிறானா, மனப்பாடமா என்று எப்படித் தெரியும்?

மூன்றாவது வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, அதை மட்டும் கேளுங்கள். முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தால் மனப்பாடம். அப்புறம் அதே பாடத்துச் சொற்களை இடம் மாற்றிப் போட்டு நீங்களே ஒரு புது வாக்கியம் எழுதுங்கள். 'யானை மரத்தில் ஏறியது' மாதிரி ஏதாவது. வாசிக்கிறவன் சிரித்துவிடுவான்.