அக்கிக்குப் பின் மங்கும் பார்வை
அன்புள்ள தம்பிக்கு, ஹட்டனுக்கு அருகே தோட்டத்தில் வசிக்கும் உங்கள் அம்மாவுக்கு, நெற்றியில் அக்கி வந்து மூன்று வாரங்களின் பின் வலது கண் சிவந்து, கரும்புள்ளிகள் மிதந்து, பார்வை மங்குவதாகவும், தோட்ட டிஸ்பென்சரியில் கொடுத்த சொட்டு மருந்து பயனளிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அக்கியை உண்டாக்கும் அதே வைரஸ், கண்ணின் பின்புறத்தில் ஒளியை உணரும் படலமான விழித்திரையையும் அழிக்கக்கூடும். சொட்டு மருந்து அவ்வளவு ஆழத்துக்குப் போதிய அளவில் சென்று சேராது. கண்மணியை விரித்து விழித்திரையின் ஓரம்வரை பார்த்தால்தான் பாதிப்புத் தெரியும். கண்ணுக்குள்ளிருந்து சிறிதளவு நீர் எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்வதுண்டு. எனினும் சந்தேகம் வலுத்தால், முடிவு வரும்வரை காத்திராமல் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவார்கள்: அசைக்ளோவிரை நாளத்தினூடாகவோ வலாசைக்ளோவிரை வாய்வழியாகவோ கொடுப்பார்கள். தாமதித்தால் விழித்திரை கழன்றுவிடலாம், மற்றக் கண்ணும் பாதிக்கப்படலாம் என்பதே என் கவலை.

சிறுநீரக நோய் இருந்தால் வைத்தியரிடம் மறவாமல் சொல்லுங்கள்; மருந்தின் அளவு மாறும். தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் நாள் என்று பாராமல், அம்மாவை இன்றே கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.